ஜீரோ வந்தா சந்தோஷப்படாதீங்க: ரீஃப் தொட்டியில நைட்ரேட், பாஸ்பேட்

போன எபிசோடுல உப்புத்தண்ணி கலக்குறதைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு நைட்ரேட், பாஸ்பேட்.

நான் இருக்கிறது திருப்பனந்தாள், சுத்தி வயல். இங்க யாரைக் கேட்டாலும் யூரியா, டி.ஏ.பி. கணக்கு சொல்லுவாங்க. ரீஃப் தொட்டியிலயும் அதே தழைச்சத்து, மணிச்சத்துதான். வயலுக்கு மூட்டையில போடுறோம். தொட்டியில மீன் தீனி வழியா தானா சேருது. அதனால குறைக்கிறதை மட்டுமே யோசிக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னோடது 200 லிட்டர். ஸோவந்தஸும் மஷ்ரூமும் மட்டும்தான். கடினப் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவுல இருந்து எடுத்துத் தரேன்னு யார் சொன்னாலும் வாங்காதீங்க.

கழிவை நுரையாக்கி வெளியேத்துற ஸ்கிம்மரை நிறுத்தவே இல்ல. பாஸ்பேட்டைப் பிடிக்கிற ஃபெரிக் ஆக்சைடை ரெண்டு மடங்கு போட்டேன். ரெண்டு மாசத்துல ரெண்டு ரீடிங்கும் ஜீரோ. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்னா பாத்துக்கங்க! மூணே வாரம். மணல் மேல பழுப்பு நிறத்துல சளி மாதிரி, உள்ள குமிழி குமிழியா. டைனோஃப்ளாஜெல்லேட். ஸோவந்தஸ் விரியவே இல்ல, பத்துக்கு நாலு கரைஞ்சு போச்சு.

காரணம் இதுதான். பவளத்தோட திசுவுக்குள்ள வாழுற பாசிதான் அதுக்குச் சாப்பாடு போடுது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும். ஜீரோவுல அதுவும் பட்டினி, டைனோவோட போட்டி போடுற மத்த பாசிகளும் பட்டினி. டைனோவுல பல வகை பாக்டீரியாவைத் தின்னே பிழைச்சுக்கும்.

ரியாக்டரை நிறுத்தினேன், தீனியைக் கூட்டினேன். நைட்ரேட்டுக்குப் பொட்டாசியம் நைட்ரேட். நம்ம உரக்கடையில 13-0-45னு விக்கிற அதே பொருள்தான், ஆனா நான் சுத்தமான லேப் கிரேடு வாங்கினேன். 200 லிட்டர்ல 1 கிராம் கரைச்சா சுமார் 3 பிபிஎம் ஏறும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், இதுக்குள்ள நின்னா எனக்குப் போதும்.

யூனிட்டைக் கவனிங்க. சில மீட்டர் பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பிபிபி-ல காட்டும். 3.07-ஆல பெருக்கி 1000-ஆல வகுக்கணும். 20 காட்டினா பாஸ்பேட் 0.06. டி.ஏ.பி. மூட்டையில இருக்கிற 46 கூட நேரடி பாஸ்பரஸ் இல்ல, பென்டாக்சைடு கணக்கு.

வோட்கா ஊத்தி நைட்ரேட்டைக் குறைக்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேலை செய்யும். ஆனா பெருகுற பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துடும். 2019-ல மண்டபம் பக்கம் நாக்டிலூகா பெருகினப்ப சிங்கிள் தீவுல பவளங்கள் செத்தது ஆக்சிஜன் குறைஞ்சுதான். ராத்திரி கரண்ட் போற ஊர்ல நான் அதைத் தொட மாட்டேன்.

காலையில பாத்த ரீடிங், நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.06. கண்ணாடியில பச்சைப் பாசி ஏறுது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தேய்ச்சு விடுறேன்.