சந்தை விலையும் சமையலறைக் கணக்கும்

பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன், அது தில்லியில் நிதியமைச்சர் வாசிக்கும் வரவு செலவுத் திட்டத்தையோ, பல்கலைக்கழகப் பேராசிரியர் கரும்பலகையில் வரையும் கோடுகளையோ சேர்ந்தது என்று எண்ணி நம் குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் மேலைநாட்டு மொழிகளில் இத்துறைக்கு வழங்கும் பெயர், வீடு என்றும் ஒழுங்கு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. இல்லத்தைச் செவ்வையாக நடத்தும் முறை என்பதே அதன் முதற்பொருள். ஆகவே அரிசிப் பானையின் முன் நின்று, மாதக் கடைசிவரை இது வருமா என்று கணக்கிடும் தாய், பெயர் அறியாமலே பொருளியல் பயில்கிறாள்.

இதை நம் பங்குக் குடும்பங்கள் ஓரளவேனும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. “விளைச்சல் நன்றாக இருந்தது சாமி, ஆனால் கையில் காசில்லை. இது எங்கள் பாவத்தின் பலனா?” என்று கேட்போர் தென்காசி வட்டாரத்தில் பலர். நோயின் காரணம் தெரியாதவன் தவறான மருந்தைத் தேடுவான். விலை வீழ்ச்சியின் காரணம் தெரியாதவன் தன்னையே நொந்துகொள்வான், அல்லது வட்டிக்காரனின் வாசலுக்குச் செல்வான்.

பொருளியல் இன்று இரு பிரிவுகளாகப் பயிலப்படுகிறது. நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் ஃபிரிஷ் 1933-இல் இப்பகுப்பைத் தெளிவுபடுத்தினார். ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு பண்டம் ஆகியவற்றை நெருங்கி நின்று ஆராய்வது நுண்ணியல் பொருளியல். நாட்டின் மொத்த வருமானம், வேலைவாய்ப்பு, விலைவாசி ஆகியவற்றை மலைமேல் நின்று நோக்குவது போல் ஆராய்வது பேரியல் பொருளியல். இரண்டிற்கும் எடுத்துக்காட்டுகளைத் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல்

நுண்ணியலின் முதற்பாடம் இது: நம் கையிலுள்ள நிலமும் நேரமும் பணமும் அளவுக்குட்பட்டவை. ஆதலின் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது மற்றொன்றைக் கைவிடுகிறோம். கைவிடப்பட்டவற்றுள் சிறந்தது எதுவோ, அதுவே நாம் தெரிந்துகொண்டதன் உண்மையான விலை.

தென்காசி, கடையம், ஆலங்குளம், முக்கூடல் பகுதிகளில் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் உழைப்பால் எரிந்த அடுப்புகள் எத்தனை! அவ்வுழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் ஒரு தாய் தன் பதினான்கு வயது மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தித் தட்டைக் கையில் கொடுத்தால், அன்று வரும் கூலியை மட்டும் வரவாக எழுதுதல் ஆகாது. அப்பெண் படித்துத் தேறி, பின்னாளில் முப்பது ஆண்டுகள் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வாறு எழுதிப் பார்த்தால் அக்கூலி வரவல்ல, பெருநட்டம் என்பது விளங்கும்.

கத்தரிக்கோலின் இரு அலகுகள்

விலை எவ்வாறு அமைகிறது? வாங்குவோரின் தேவையும் விற்போரின் வரத்தும் சேர்ந்தே விலையை அமைக்கின்றன. காகிதத்தை வெட்டியது கத்தரிக்கோலின் மேலலகா கீழலகா என்று வினவுவது எவ்வளவு வீணோ, விலையை அமைத்தது தேவையா வரத்தா என்று வினவுவதும் அவ்வளவு வீண் என்று ஆங்கிலேய அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

குற்றாலத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தழுவ, சாரல் பொழிகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் கொட்டுகிறது. சனி, ஞாயிறுகளில் மக்கள் வெள்ளம் அருவி வெள்ளத்தை விஞ்சுகிறது. அறைகளின் எண்ணிக்கையோ ஒரே மாதத்தில் பெருகக்கூடியதன்று. எனவே வாடகை ஏறுகிறது. அருவி வறண்ட மாதத்தில் அதே அறை, அதே கட்டில், அதே சாளரம். வாடகை மட்டும் பாதியாகிறது. அறையின் தன்மை மாறவில்லை, அதை நாடி வருவோரின் எண்ணிக்கையே மாறியது.

இனிப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வருவோம். சுற்றுவட்டாரத்துத் தக்காளியும் கத்தரியும் சிறிய வெங்காயமும் இங்கு குவிந்து, செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்கின்றன. ஓணம் நெருங்கும் ஆவணியில் விலை ஏறுவதும், பண்டிகை கழிந்ததும் இறங்குவதும் விவசாயிகள் அறிந்ததே. ஆனால் நல்ல விளைச்சலே நட்டத்தைத் தருவது ஏன்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காகவே. ஒரு விவசாயி 100 பெட்டி தக்காளி கொண்டுவருகிறார். பெட்டி ரூ. 400 வீதம் அவருக்கு ரூ. 40,000 கிடைக்கிறது. மறு ஆண்டு நல்ல மழை. 140 பெட்டி விளைகிறது. அவருக்கு மட்டும் விளைந்திருந்தால் அது பேறு. ஆனால் எல்லார் தோட்டத்திலும் அவ்வாறே விளைந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்தக் குடும்பமும் சாம்பாரில் இரு மடங்கு தக்காளி போடுவதில்லை. தக்காளியை மூன்று மாதம் சேமித்து வைக்கவும் இயலாது. ஆகவே விலை ரூ. 200-க்கு இறங்குகிறது. 140 பெட்டிக்குக் கிடைத்தது ரூ. 28,000 மட்டுமே. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையுமோ பெட்டிக்கு ஏற்பக் கூடிவிட்டன.

ஒருவருக்கு நன்மையாவது, அனைவருக்கும் ஒரே சமயத்தில் நேரும்போது தீமையாகலாம். இந்த உண்மையை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பேரியலுக்கும் இதுவே வாயில். இதில் பாவமும் இல்லை, சாபமும் இல்லை. போன ஆண்டு வெங்காய விலையைப் பார்த்து ஊரே இந்த ஆண்டு வெங்காயம் நட்டது. அதனால் விலை விழுந்தது. அந்த வீழ்ச்சியைக் கண்டு எல்லாரும் கைவிட, மறு ஆண்டு விலை மீண்டும் ஏறும். இச்சுழலுக்குப் பொருளியலார் சிலந்திவலை என்றே பெயரிட்டுள்ளனர். அண்டை வீட்டார் என்ன நடுகின்றனர் என்று கேட்டறிந்து, பயிரையும் பருவத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஊரே அவ்வலையிலிருந்து ஓரளவேனும் தப்பும்.

ஒருவர் செலவு, மற்றொருவர் வரவு

பேரியலின் அடிப்படை எளிது. ஒருவரின் செலவு மற்றொருவரின் வரவு. குற்றாலத்திற்கு வரும் பயணி, எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கிறார். அவர் அப்பணத்தில் தேநீர்க் கடையில் காலை உணவு உண்கிறார். தேநீர்க் கடைக்காரர் பால்காரருக்குக் கொடுக்கிறார். பால்காரர் தென்காசிக்குச் சென்று பிள்ளைக்குச் சீருடை வாங்குகிறார். ஒரே நூறு ரூபாய் நான்கு குடும்பங்களின் வருமானமாகிறது.

2020-இல் கோவிட் ஊரடங்கு வந்தது. அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. முதற்கண்ணி அறுந்ததும் மற்ற கண்ணிகளும் அறுந்தன. சிப்ஸ் கடைக்காரர் சோம்பேறியானதாலோ, ஆட்டோ ஓட்டுநர் ஊதாரியானதாலோ அவர்கள் வீட்டில் வறுமை நுழையவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவிகிதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு கூறிற்று. தனி மனிதரின் உழைப்பும் ஒழுக்கமும் மட்டும் வாழ்வைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இத்தகைய காலத்தில் ஒரு குடும்பம் செலவைச் சுருக்குவது விவேகம். ஆனால் எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் சுருக்கினால் எல்லாருடைய வரவும் சுருங்குகிறது. தக்காளிக் கணக்கில் கண்ட அதே உண்மை! ஆகவே மக்கள் செலவிட அஞ்சும் காலத்தில் அரசு வேலைகளைத் தொடங்கிச் செலவிட வேண்டும் என்று ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936-இல் வாதிட்டார். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த வேலைகள், ஊரடங்குக் காலத்தில் கிராமங்களில் பல அடுப்புகளை அணையாமல் காத்ததை நாம் கண்டோம்.

விலைவாசி என்னும் கரையான்

ஒரு பண்டத்தின் விலையேற்றம் வேறு, விலைவாசி ஏற்றம் வேறு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. சில வாரங்களில் இறங்கியும் விட்டது. அது வரத்துக் குறைவால் வந்தது. அரிசி, எண்ணெய், மருந்து, பேருந்துக் கட்டணம் எனப் பெரும்பாலானவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதைத்தான் பணவீக்கம் என்கிறோம். அதைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு, 1935-இல் நிறுவப்பெற்ற ரிசர்வ் வங்கியைச் சார்ந்தது. 2016-இல் 4 சதவிகிதம் அதற்கு இலக்காக வகுக்கப்பட்டது.

குடும்பத்திற்கு இதனால் இரு பாடங்கள். முதலாவது, கூலி உயர்ந்ததா என்று மட்டும் கேளாதீர்கள். அக்கூலி எத்தனைப் படி அரிசி வாங்கும் என்று கேளுங்கள். ரூ. 6,000 வாங்கியவர் ரூ. 6,300 வாங்குகிறார், விலைவாசியோ 8 சதவிகிதம் ஏறிவிட்டது என்றால், உயர்வு பெற்றும் அவர் வறியவரானார். இரண்டாவது, ஆண்டுக்கு 6 சதவிகிதம் விலை ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைகள் இரட்டிக்கும். மகளின் திருமணத்திற்கென்று பெட்டியடியில் பூட்டி வைத்த பணத்தைக் கரையான் தொடாவிட்டாலும் விலைவாசி அரித்துவிடும்.

வட்டியின் கொடுமை

பணத்திற்கும் விலை உண்டு. அதுவே வட்டி. நூற்றுக்கு மாதம் பத்து என்றால் சிறியதாகத் தோன்றும். அது ஆண்டுக்கு 120 சதவிகிதம்! பத்தாயிரம் வாங்கியவர் மாதம் ஆயிரமாகப் பத்து மாதங்களில் பத்தாயிரமும் கட்டிவிடுகிறார். ஆனாலும் அசல் அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு 12 சதவிகிதத்தில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கியிருந்தால் ஓராண்டு வட்டி ரூ. 1,200 மட்டுமே.

சீசனை நம்பிக் கடன் வாங்குவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். சாரல் மூன்று மாதம். வட்டியோ பன்னிரண்டு மாதம். ஆனியில் கண்ட கூட்டத்தை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்துக் கடன் வாங்கியவர் மாசியில் தவிக்கிறார்.

2017 அக்டோபர் 23-ஆம் நாள், கந்துவட்டிக் கொடுமை தாளாது தென்காசி வட்டாரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியோடும் இரு பச்சிளம் பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கு இரையானதை நாம் மறந்துவிடலாகாது. கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதலே இருக்கிறது. சட்டம் இருந்தது, அக்குடும்பத்தின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல அண்டையில் ஒருவர் இருந்திருந்தால்! கடனில் மூழ்கியோர் வெட்கத்தால் மௌனம் காக்கின்றனர். அந்த மௌனத்தில்தான் வட்டி வளர்கிறது.

விலையும் நீதியும்

சந்தை மிக உயர்ந்த தூதன். எது அரிது, எது மலிவு என்று விலையின் வாயிலாக உடனே அறிவிக்கிறது. ஆனால் யார் பசித்திருக்கிறார் என்பதை அது அறிவிப்பதில்லை. கையில் காசில்லாதவனின் பசி சந்தையில் தேவையாகவே எண்ணப்படுவதில்லை. இக்குறையைத் திருச்சபை நெடுங்காலமாகச் சுட்டிவருகிறது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடல், கூலி என்பது இருவர் ஒப்புக்கொண்ட தொகை மட்டுமன்று, சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்று போதித்தது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பெற்ற நம் திருத்தந்தை, அம்மடலை நினைவிற்கொண்டே 14-ஆம் லியோ என்று அதே பெயரைச் சூடினார்.

விவிலியத்தில் யோசேப்பின் வரலாறும் இதற்குப் பாடமாகும். வளமான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, வறண்ட ஏழு ஆண்டுகளில் எகிப்தைக் காத்தார். மிகுதியான காலத்தில் சேமித்துக் குறைந்த காலத்தில் வழங்குதல் அரசுக்கும் குடும்பத்திற்கும் பொதுவான விதி. ஆனால் தொடக்கநூலைத் தொடர்ந்து படிப்போர், அத்தானியத்திற்காக மக்கள் முதலில் பணத்தையும், பின் மந்தைகளையும், இறுதியில் நிலத்தையும் பார்வோனிடம் இழந்ததையும் காண்பர். களஞ்சியம் இருப்பது மட்டும் போதாது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, மூன்று செயல்களை இம்மாதமே தொடங்குங்கள். வீட்டில் ஒரு கணக்கேடு வைத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து வாரம் ஒருமுறை எழுதுங்கள். பிள்ளைகளும் உடன் அமரட்டும். சீசன் மாத வரவில் ஒரு பகுதியை வறண்ட மாதங்களுக்கென வங்கியிலோ அஞ்சலகத்திலோ இடுங்கள். மூன்றாவதாக, அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்தபின் கால் மணி நேரம் ஒதுக்கி, யார் என்ன பயிரிடுகிறார், யார் எந்தக் கடனில் தவிக்கிறார் என்று மனம் திறந்து பேசுங்கள். ஒரு குடும்பம் தனித்து நின்று சந்தை விலையை மாற்ற இயலாது. ஆனால் இருபது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்கலாம், ஒரு சேமிப்புக் குழுவை நடத்தலாம், ஒரு சகோதரனை வட்டிக்காரனின் பிடியிலிருந்து மீட்கலாம்.