கீழாநெல்லியும் காசநோய் மாத்திரையும்

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்கும் அந்தச் சின்னச் செடியின் சாறு, பாரசிட்டமாலால் கெட்டுப்போன எலிகளின் கல்லீரலைத் தேற்றியதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. மனிதருக்கும் அப்படியே பலன் தரும் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுவதுண்டு. கண் மஞ்சளித்தால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், சோற்றைக் கண்டாலே குமட்டினால், கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரையை மாற்றுவது அவர் வேலை. பச்சிலை ஏதாவது குடித்துவந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.