மங்கிய ஒளி உரைத்த செய்தி

ஐதராபாத்தில் வாழும் தமிழ் நேயர்களுள் பலர் பேகம்பேட்டை வழியே நாள்தோறும் சென்று வருபவர்கள். அங்கு இயங்கிய நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஒருவரின் மைந்தரே வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, நிஜாம் கல்லூரியில் பயின்ற அவர், பிற்காலத்தில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார்.

1977 மார்ச் 10ஆம் நாளிரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் செல்லும் என்று விஞ்ஞானிகள் கணித்திருந்தனர். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அந்நட்சத்திரத்தை நோக்கியிருந்தனர். எதிர்பாராத வேளையில் அதன் ஒளி சில விநாடிகள் மங்கி, மீண்டும் தெளிந்தது. உபகிரகம் ஒன்று குறுக்கிட்டது போலும் என்று முதலில் கருதினர். அதே இரவில் இந்துமாக்கடலின் மேல் விமானத்தில் பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினர், கிரகத்தின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி மங்கக் கண்டனர். உபகிரகமாயின் ஒரு புறந்தான் மறைக்கும். இருபுறமும் மறைப்பது வளையமன்றி வேறென்ன? நம்மவர் முதற்கருத்து பிழையாயினும், அவர்கள் கண்ட மங்கல் மெய்யே.

இதே உபாயத்தைக் காசினி விண்கலமும் கையாண்டது. 1997இல் புறப்பட்டு, 2004இல் சனியை அடைந்து, 13 ஆண்டுகள் அதனைச் சுற்றிய ஆளில்லா யந்திரம் அது. டைட்டன் என்னும் உபகிரகத்தில் மீத்தேன் ஏரிகளைக் கண்டதும் அதுவே. எனினும், 500 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள என்சலடஸ் என்னும் பனியுருண்டை அளித்த வியப்பு பெரிது.

2005 ஜூலையில், திருவாதிரை விளங்கும் ஓரியன் மண்டலத்து மற்றொரு நட்சத்திரம் என்சலடஸின் பின்னே மறைந்தது. மறையுமுன், தென்துருவத்தின் அருகே, அதன் ஒளி படிப்படியாகக் குறைந்தது. குறைத்தது நீராவி என்று கருவி காட்டிற்று. மறுபுறத்தில் நட்சத்திரம் வெளிப்பட்டபோதோ, அத்தகைய குறைவே இல்லை. எனவே உபகிரகம் முழுவதையும் சூழ்ந்த காற்றுமண்டலம் அன்று அது; தென்துருவத்து வெடிப்புகளிலிருந்து பீறிடும் ஊற்று. யுரேனஸில் இருபுறமும் மங்கியது வளையத்தை உணர்த்தியதுபோல, இங்கே ஒருபுறம் மட்டும் மங்கியது ஊற்றை உணர்த்தியது. ஊற்றோடு வெளிவந்த பனித்துகள்களில் உப்பு இருந்தமையால், பனியோட்டின் கீழே கடல் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. சனியின் 'ஈ' வளையமும் இத்துகள்களால் ஆயதே.

எரிபொருள் தீரும் நிலையில், பூமியின் நுண்ணுயிர் ஏதேனும் அக்கடலைச் சேர்ந்துவிடலாகாது என்று, 2017 செப்டம்பர் 15ஆம் நாள் காசினியைச் சனியின் காற்றுமண்டலத்துள்ளேயே செலுத்தி எரித்தனர்.