உங்களுக்குத் தெரியுமா? தொட்டி யுக்காவும் பனிக்காலமும்

✦ யுக்கா என்றாலே பாலைவனமும் கொளுத்தும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கனடாவில், அல்பெர்ட்டா மாகாணத்தின் தென்கோடியில், மில்க் நதிப் பக்கத்து வறண்ட சரிவுகளில் யுக்கா கிளாக்கா என்ற இனம் காட்டுச்செடியாகவே வளர்கிறது. மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் பார்த்த மண் அது. போர்த்திவிட அங்கே ஆளில்லை. கோடை தொடங்கியதும் செடி பாட்டுக்குப் பூக்கிறது.

✦ அதன் உறவான இன்னொரு யுக்கா எல் சால்வடோரின் தேசிய மலர். 1995-இல் அறிவித்தார்கள். அந்த வெள்ளைப் பூவை முட்டையோடு வதக்கிச் சாப்பிடுவது அங்கே வீட்டுச் சமையல். ஐரோப்பாவில் வரவேற்பறைகளிலும் அலுவலகங்களிலும் தொட்டியில் நிற்பது பெரும்பாலும் இந்த இனம்தான். உறைபனியில் இரண்டு மூன்று இரவு வெளியே நின்றாலே இதன் கதை முடிந்துவிடும்.

✦ ஆகவே குளிர்காலம் வருமுன் செய்யவேண்டிய முதல் வேலை, நம்மிடம் இருப்பது எந்த யுக்கா என்று பார்ப்பது. இலையை அருகில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை நூல் சுருள் சுருளாகப் பிரிந்து தொங்கினால் அநேகமாக யுக்கா ஃபிலமெண்டோசா. தரையில் நட்டால் மைனஸ் 25 வரை தாங்கும். இலை நுனியைத் தொட்டால் குத்தாமல் வளைந்துகொடுத்து, தண்டின் அடி யானைக்கால் போலப் பருத்திருந்தால் அது எல் சால்வடோர்க்காரர். நேரே வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

✦ தரையில் தாங்கும் செடி தொட்டியில் ஏன் சாகிறது? நிலத்தில் குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும்; அடிமண் கோடைச் சூட்டில் கொஞ்சத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர்காற்று. போதாக்குறைக்கு, இலை தாங்கும் குளிரை வேர் தாங்காது. அதனால் அனுபவசாலிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையில் தாங்கும் அளவிலிருந்து சுமார் 11 டிகிரியை விட்டுக்கொடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் குளிர் வரைபடத்தில் இரண்டு மண்டலங்களுக்கான இடைவெளி அது. மைனஸ் 25 தாங்கும் செடிக்குத் தொட்டியில் மைனஸ் 14-தான் எல்லை. பபிள் ராப்பையும் சாக்கையும் இலைக்குச் சுற்றுமுன் தொட்டிக்குச் சுற்றச் சொல்வது இதனால்தான். அடியில் ஒரு தெர்மோகோல் பலகையும் வையுங்கள்.

✦ குளிரைவிட ஈரம்தான் யுக்காவுக்கு எமன். டெக்சாஸ், மெக்சிகோ மலைகளின் யுக்கா ராஸ்ட்ராட்டா, மண் காய்ந்திருந்தால் மைனஸ் 15-ஐயும் சமாளிக்கும். அதே செடி, நசநசவென்று மழை தூறும் குளிர்காலத்தில் அதைவிட எவ்வளவோ மிதமான குளிரிலேயே அழுகிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஊறிய மண் உறைந்தால் சுட்ட மண்தொட்டி விரிசல் விடும். குருத்துக்குள் தேங்கிய நீர் உறைந்தால் சேதம் வளரும் முனைக்கே. இலைகளை மேல்நோக்கித் திரட்டிக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, தொட்டியைத் தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டி வைத்து, அடித்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிட்டால் பாதி ஆபத்து போயிற்று. எவ்வளவு விலையுயர்ந்த போர்வை வாங்கினாலும் இந்த நாலு வேலைக்கு ஈடாகாது என்பேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் செடியை மூடவே கூடாது; உள்ளே வியர்த்து, அந்த ஈரமே அழுகலைக் கொண்டுவரும்.

✦ பிப்ரவரியில் பளிச்சென்று வெயில் அடித்த பிறகு இலை வாடுகிறதா? காரணம் தாகமாக இருக்கலாம். வெயிலில் இலை நீரை இழக்கிறது. வேரைச் சுற்றிய மண்ணோ கல்லாக உறைந்திருக்கிறது. உறைவு விட்ட ஒரு நாளில், காலை வேளையில், ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

✦ ஆகஸ்டோடு உரத்தை நிறுத்துங்கள். பகல் குறையக் குறையச் செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்க்கிறது. அந்தச் சாறு எளிதில் உறையாது. தழைச்சத்து கொடுத்துக்கொண்டே இருந்தால் இளந்தளிர்தான் வரும், முதல் பனியிலேயே கருகும்.

✦ தொட்டிச்செடிகளைக் குளிரிலிருந்து காப்பது அரண்மனை வேலையாக இருந்த காலம் உண்டு. பிரான்ஸின் வெர்சாயில் 1684–86-இல் ஜூல் ஹார்துவான்-மான்சார் கட்டிய ஆரஞ்சுமாடத்தில் இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டி மரங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆரஞ்சு, எலுமிச்சையோடு நமக்குத் தெரிந்த அரளியும் மாதுளையும் அங்கே உண்டு. தெற்கு பார்த்த ஜன்னல்கள், பல அடி கனமான சுவர்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போவதில்லை.

✦ வீட்டிலும் அந்த அளவே போதும். வெளிச்சமான மாடிப்படி, சூடேற்றாத வராந்தா, ஜன்னல் உள்ள கேரேஜ்: 5 முதல் 10 டிகிரி. மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால், வெளிச்சம் குறைந்த டிசம்பரில் வெளிறிய, நோஞ்சான் இலைகளாக நீளும்.

✦ இடமில்லாதவர்களுக்கு ஜெர்மனியில் ஒரு வழி இருக்கிறது. இலையுதிர்காலத்தில் நர்சரிக்காரர்களே வண்டியில் வந்து தொட்டிகளை எடுத்துப்போய், கட்டணம் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குடிலில் பார்த்துக்கொள்வார்கள். வெளியே எடுப்பது மே 11 முதல் 15 வரையான ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள் தாண்டிய பிறகு. அதுவரை ஓர் இரவுப் பனி மிச்சமிருக்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. எடுத்ததும் நேர்வெயிலில் வைக்காதீர்கள். குளிரில் தப்பிய இலை வெயிலில் வெளுத்துப் பொசுங்கும். ஒரு வாரமாவது நிழல்.

✦ இங்கிலாந்தில் மூலிகை நூலாசிரியர் ஜான் ஜெரார்ட் தன் தோட்டத்தில் யுக்கா வளர்த்தார், பூக்கவில்லை. 1604-இல் எசெக்ஸில் வில்லியம் காய்ஸ் தோட்டத்தில்தான் அந்நாட்டின் முதல் யுக்கா பூத்தது.

✦ மார்ச்சில் தண்டு நுனி மெத்தென்று நைந்திருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கட்டியான, வெள்ளைத் திசு தெரியும் இடம்வரை கூர்கத்தியால் வெட்டி, வெட்டுவாயைக் காயவிடுங்கள். ஃபிலமெண்டோசாவானால் மேல்பாகம் முழுக்கப் போனாலும் மண்ணுக்குள் கிழங்குபோன்ற அடித்தண்டு பிழைத்திருக்கும். ஜூன் வரை பொறுத்தால் பக்கக் கன்று விடலாம்.