பிடியும் வரிசையும்

திருவிழாவிற் சுவாமி புறப்படுங்கால் நாதசுரத்தில் எழும் மல்லாரி முன்னரே பாடஞ் செய்தது. வீதியில் அதனைத் தொடரும் இராக ஆலாபனையோ அவ்விடத்திலேயே பிறப்பது. வன்னியில் இக்கருவியைப் பயிலும் இளைஞர் பின்னதற்குத் தம்மை எவ்வாறு ஆயத்தஞ் செய்வது? இராகத்தின் பிடிகளை மனனஞ் செய்தா, சுரவரிசைகளைச் சாதகஞ் செய்தா?

தோடியின் ஏழு சுரங்களை அசைவின்றி ஏற்றி இறக்கினால் தோடி பிறவாது. காந்தாரத்தின் கமகம் பிடிகளைக் கேட்டே கைவரும். ஆயினும், பாடமான பிடிகளை மட்டும் அடுக்குபவர் சிறிது நேரத்திற் சொன்னதையே சொல்வர். தோடியை நெடிது விரித்துப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் (1898–1956) வாசிப்பில் இரண்டும் ஒன்றாயின.

ஆதலின், கற்கும் பிடி ஒவ்வொன்றையும் முதலிற் சுரமாகப் பாடுக. பின்னர் மூன்று காலங்களிலும் வாசித்து, வெவ்வேறு சுரங்களில் தொடங்கியும் முடித்தும் பார்க்க. அப்பொழுதே இரவற்பொருள் உடைமையாகும்.