பின் சீற் இல்லாத கார்: அம்மாவுக்காகத் தேடிய குறிப்புகள்

போன வருடம் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஞாயிறு மதியம் சோறு போட்டுக்கொண்டே, "எனக்கு ரெண்டு சீற் கார் ஒண்டு வேணும், மேல் திறக்கிற மாதிரி" என்றார். பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"இருபத்தைஞ்சு வருசம் எல்லாரையும் ஏத்தி இறக்கினன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மிருதங்க வகுப்பு, பிறகு கோயில். பின் சீற்றில ஆரோ ஒராள் எப்பவும் இருந்தது. இனி பின் சீற் இல்லாத கார்தான் வேணும்."

எங்கள் வீடு ஹாரோவில். நான் இங்கே பள்ளிக்குப் போன காலம் முழுக்க அம்மா ஓட்டியது ஒரு ரொயோட்டா பிரீவியா வான். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நான் முதலில் செய்தது சின்ன, பாதுகாப்பான, ஐந்து கதவுக் கார்கள் நாலைந்தின் விபரத்தை அனுப்பியதுதான். "நான் கேட்டது இது இல்லையே தம்பி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையாகத் தேடத் தொடங்கினேன். பழைய இரண்டு சீற் கார் ஒன்றை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தேடும் இன்னொருவருக்கு உதவக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

காசைப் பிரித்து வைத்தல்

அம்மா ஒதுக்கியது 5,000 பவுண். நான் போட்ட முதல் விதி: காருக்கு 4,000, மிச்சம் 1,000 தொடக் கூடாது. பதினைந்து, இருபது வயதுக் காரில் முதல் வருடம் ஏதாவது உடையும், அது நிச்சயம். முழுக் காசையும் காரில் போட்டவருக்கு முதல் பழுதே பெரிய பழுதாகிவிடும்.

விலையை விட முக்கியமானவை இரண்டு. ஒன்று யூலெஸ். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் அது வந்துவிட்டது. பெற்றோல் கார் என்றால் யூரோ 4 தரம் வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். வாரம் இரண்டு நாள் ஓடினாலே வருடத்துக்கு 1,300 பவுண். பொதுவாக 2005க்குப் பிறகு பதிவான பெற்றோல் கார்கள் தப்பிவிடும். அதற்கு முந்தியவற்றில் சிலவும் தப்பும். ஊகிக்கத் தேவையில்லை, லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் காரின் இலக்கத்தைப் போட்டால் உடனே சொல்லும்.

மற்றது வீதி வரி. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு வரி காபனீரொட்சைட்டு அளவைப் பொறுத்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கிலோமீற்றருக்கு 225 கிராமுக்கு மேல் விடும் கார் 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால் வரிக்கு ஒரு மேல் எல்லை உண்டு. அன்றிலிருந்து பதிவானவற்றுக்கு அந்த எல்லை இல்லை. ஒரே மாதிரியான பெரிய எஞ்சின் கார், பெப்ரவரியில் பதிவானதற்கும் ஏப்ரலில் பதிவானதற்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 300 பவுண் வித்தியாசம் வரும். விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் ஆறு சிலிண்டர் கார்கள் சிலவற்றின் இரகசியம் இதுதான்.

பட்டியலில் இருந்தவை

மஸ்டா எம்எக்ஸ்-5: இந்த வகைக் காரில் உலகில் அதிகம் விற்றது. 1989இல் வந்தது, 2016இல் பத்து இலட்சமாவது கார் தயாரானது. பாகங்கள் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் திருத்துவார். எதிரி ஒன்றுதான்: கறள். மடியும் கூரையிலிருந்து தண்ணி வடிய சீற்றுக்குப் பின்னால் துவாரங்கள் உண்டு. இலைகுழை அடைத்தால் தண்ணி போக வழியில்லாமல் உள்ளே தேங்கி, பின் சில்லுக்கு முன்னால் இருக்கும் அடிப்பகுதியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிக்கிறது என்றால் உள்ளே ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்க அடிச் சட்டமும் அரிக்கும். அது இன்னும் மோசம், ஏனென்றால் விபத்தில் அடியைத் தாங்குவது அதுதான். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை இந்த விடயத்தில் கொஞ்சம் பரவாயில்லை.

ரொயோட்டா எம்ஆர்2: எஞ்சின் நடுவில். ஓட்ட அருமை. ஆனால் முந்திய வருடக் கார்களில் எஞ்சினை ஒட்டியிருக்கும் சிறிய புகை வடிகட்டி உதிர்ந்து, அந்தத் தூள் எஞ்சினுக்குள்ளேயே இழுபட்டு, ஓயில் குடிக்கத் தொடங்கும். அதோடு டிக்கி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவின் பரீட்சை ஒரு 10 கிலோ அரிசிப் பை. எம்ஆர்2 அதிலேயே தோற்றது.

எம்ஜி எஃப்: மிக மலிவு. சிலிண்டர் தலைக்குக் கீழே இருக்கும் காஸ்கற் போவதற்குப் பேர்போனது. திருத்தியதற்கு ரசீது இருந்தால் யோசிக்கலாம்.

போர்ஷே பொக்ஸ்டர்: 4,000 பவுணுக்கு போர்ஷே கிடைக்கும் என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பெயரிங் ஒன்று உடையக்கூடும், உடைந்தால் எஞ்சினே போகும். உடைகிற கார்கள் சிறுபான்மைதான். ஆனால் சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. பத்து எம்எக்ஸ்-5 வாங்கினால் பத்துக்கும் 500 பவுண் செலவு வரலாம், அது எங்கள் 1,000க்குள் அடங்கும். பொக்ஸ்டரில் வருவது அபூர்வம், ஆனால் வந்தால் காரின் விலையையே தாண்டும். ஒரே ஒரு கார் வாங்குகிறவர் தாங்க முடியாத நட்டத்தைத்தான் முதலில் விலக்க வேண்டும்.

மெர்சிடிஸ் எஸ்எல்கே, 2004இல் வந்த இரண்டாம் தலைமுறை: உலோகக் கூரை, பொத்தானை அமத்தினால் மடிந்து டிக்கிக்குள் போகும். பெரும்பாலானவை ஓட்டோ கியர். 200 கொம்பிரெசர் என்ற நாலு சிலிண்டர் எஞ்சினில் ரைமிங் செயின் நீளுவது தெரிந்த குறை. ஆறு சிலிண்டரில் முந்திய வருடங்களுக்கு பலன்ஸ் தண்டுப் பற்சக்கரம் தேயும், எஞ்சினை இறக்கித்தான் மாற்ற வேண்டும்.

என் கணக்கில் முதலிடம் எம்எக்ஸ்-5 மூன்றாம் தலைமுறைக்கு. எஸ்எல்கே மூன்றாவது.

எம்ஓடி வரலாற்றை வாசித்தல்

இங்கே கார் மூன்று வயதானதும் வருடாவருடம் எம்ஓடி பரிசோதனை. அதன் பழைய முடிவுகளை அரசாங்கத் தளத்தில் இலக்கத்தைப் போட்டு எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பலர் பாஸா பெயிலா என்று மட்டும் பார்ப்பார்கள். நான் பார்த்தது அறிவுரைக் குறிப்புகளை. "அடிப்பகுதியில் கறள்" என்று நாலு வருடம் தொடர்ந்து வந்து, ஐந்தாம் வருடம் திடீரென்று காணாமல் போனால் இரண்டில் ஒன்று: ஒட்டித் திருத்தியிருக்கிறார்கள், அல்லது கறுப்புத் தார் பூசி மறைத்திருக்கிறார்கள். திருத்தியிருந்தால் ரசீது இருக்கும், கேளுங்கள். ஓடிய மைல் கணக்கையும் வரிசையாகப் பாருங்கள். வருடம் 300 மைல் ஓடிய கார் நல்ல கார் என்று அர்த்தமில்லை. நின்ற காரில் ரயர், பிறேக், றப்பர் எல்லாம் கிழடாகும்.

தேடியவற்றில் பாதிக்கு மேல் வீட்டை விட்டு இறங்காமலே கழிந்தன.

அட்டவணையில் இல்லாத ஒன்று

லூட்டன் பக்கத்தில் ஒரு எம்எக்ஸ்-5 பார்க்கப் போனோம். சிவப்பு நிறம், கறள் இல்லை, ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய. அம்மா ஓட்டிப் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. திரும்பி வந்து நிறுத்தியதும் இறங்க முயன்றார். முடியவில்லை. கதவைப் பிடித்து இன்னொரு தரம் முயன்றார். கார்க்காரர் கை நீட்டினார். அம்மா அதைப் பிடிக்காமல், ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்காலை நிலத்தில் ஊன்றி எழும்பினார். கால்சட்டையில் மண்.

வரும் வழியில் அம்மா கதைக்கவில்லை. வட்ஃபோர்ட் தாண்டியதும், "கார் வடிவுதான்" என்றார். பிறகு, "கிளச் மிதிக்கேக்கயே இடது முழங்கால் நொந்தது. நான் சொல்லேல்ல" என்றார்.

"அப்ப விடுவமா" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அதோடு விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். என் அட்டவணையில் பதினாலு நிரல்கள் இருந்தன. கறள், வரி, மைல், டிக்கி லீற்றர் எல்லாம் இருந்தது. ஓட்டப் போகிறவரின் முழங்கால் இல்லை. பிழை காரிலும் இல்லை, அம்மாவிலும் இல்லை, என் கணக்கில்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். அம்மா கை ஊன்றாமல் எழும்பக்கூடிய மிகப் பதிவான இருக்கை எது என்று கதிரை கதிரையாகப் பார்த்து அளந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு காரிலும் முதல் வேலை, நிலத்திலிருந்து சீற்றின் உயரத்தை அளப்பது. விற்பவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள், பரவாயில்லை. வேறு சிலதும் படித்தோம். கூரையைத் திறந்துவிட்டு ஏறி இறங்குவது பாதி இலகு, தலை குனியத் தேவையில்லை. இறங்கும்போது இரண்டு காலையும் வெளியே வைத்த பிறகே எழும்ப வேண்டும். இந்தக் கார்களின் கதவு நீளம், ஆகவே நெருக்கமான பார்க்கிங்கில் முழுக்கத் திறக்காது. கடைசிக் கட்டத்தில், ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

வாங்கியது

உயரமும் ஓட்டோ கியரும் சேர்ந்ததும் மூன்றாவதாக இருந்த எஸ்எல்கே முதலாவதாகிவிட்டது. பார்த்த மூன்றாவது கார், 2007ஆம் ஆண்டு 200 கொம்பிரெசர், 78,000 மைல். சீற்றை உயர்த்தி வைத்ததும் அம்மா தானாகவே ஏறி இறங்கினார், மூன்று தரம். கேட்ட விலை 3,600.

செய்த சோதனைகள்: எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதுதான் வருவோம் என்று முதலே சொன்னோம். நீண்ட செயின் குளிர் ஸ்ராற்றில்தான் கிலுகிலுக்கும், முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் ஒளிந்துவிடும். கூரையை மூன்று தரம் திறந்து மூடி, இடையில் தயங்குகிறதா, ஓயில் கசிகிறதா என்று பார்த்தோம். கால் மிதிக்கும் கம்பளத்தைக் கையால் அமத்தி ஈரம் பார்த்தோம். கியர் ஓயில் மாற்றிய ரசீது கேட்டோம், இல்லை. கடன் பாக்கி, பழைய விபத்துப் பதிவு இரண்டையும் காசு கட்டிச் சரிபார்த்தோம். கடைசியாக, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு 120 பவுண் கொடுத்து அடிப்பக்கம் பார்க்கச் சொன்னோம். பின் ஸ்பிரிங் ஒன்று உடைந்திருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதைக் காட்டி 200 குறைத்தோம். அந்த 120ஐ மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

எட்டு மாதத்தில் ஸ்பிரிங், பற்றரி, கியர் ஓயில் மூன்றுக்கும் 640 பவுண் போயிற்று. ஒதுக்கி வைத்த ஆயிரத்துக்குள்தான். கூரையை மடித்தாலும் அரிசிப் பை டிக்கிக்குள் போகிறது, பக்கத்தில் தேங்காய்க்கும் இடம் உண்டு.

இப்போது கோயிலில் ஆராவது "எங்களையும் இறக்கி விடுவீங்களோ" என்று கேட்டால், "ஒராளுக்குத்தான் இடம்" என்று அம்மா சொல்கிறார். அப்பா பல நாள் பஸ்ஸில் வருகிறார். அந்த மற்றச் சீற்றில் அடுத்த வீதி மாமி கிளினிக்குக்குப் போகிறார், சில ஞாயிறுகளில் நான் போகிறேன். ஆரை ஏற்றுவது என்று அம்மாதான் முடிவெடுக்கிறார்.