தடுமாறிக் கற்பதில் வெட்கம் வேண்டாம்

 

நமது அறக்கட்டளைக்கு உதவித்தொகை விஷயமாக வரும் தாய்மார்களில் பலர், ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் அடுத்தவர் கையில் கொடுத்துத்தான் பணம் எடுக்கிறார்கள். "நீங்களே எடுக்கலாமே" என்று நாம் கேட்டால், "இந்த வயசுல தப்பா எதையாவது அழுத்திட்டா நாலு பேர் சிரிப்பாங்களே" என்கிறார்கள். இயந்திரத்தை விட, பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வைக்குத்தான் பயம். இதனால் தம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

இந்தப் பயம் தீரக்கூடியதுதான். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் கேலி பேசிய காலம் அது. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். நமது சமுதாயப் பெண்களும் அதில் இருந்தனர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இது எப்படி நடந்தது? எல்லோரும் ஒன்றாகக் கற்றார்கள். பத்துப் பேரும் விழுந்து எழும் இடத்தில், விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. கற்றுக்கொடுத்தவர்களும் அதே ஊர்ப் பெண்கள். நேற்றுப் பழகியவர் இன்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். கற்றது உடனே பயன்பட்டது. தண்ணீர் எடுக்கவும், விளைபொருள் விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிலை மாறியது.

இதே வழியை ஏடிஎம்முக்கும் கொள்ளலாம்.

1. தனியாகப் போகாதீர்கள். கற்க விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, கூட்டமில்லாத நேரத்தில், உங்கள் வங்கியின் இயந்திரத்துக்கே செல்லுங்கள்.

2. திரையில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் பணம் எடுக்க வேண்டாம். இருப்பை மட்டும் பார்த்துத் திரும்புங்கள். அடுத்த முறை சிறிய தொகை எடுங்கள்.

3. தவறினால் என்ன ஆகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ரகசிய எண்ணை ஒருமுறை தவறாக அழுத்தினால் பணம் போய்விடாது, மறுபடியும் முயலலாம். அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் பொதுவாக அட்டை தற்காலிகமாக முடங்கும். அதையும் வங்கியில் சரிசெய்து கொள்ளலாம். குழப்பம் வந்தால் ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி, அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உடன் வருபவரிடம் சந்தேகம் கேளுங்கள். ரகசிய எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். அறிமுகமில்லாதவர் உதவ முன்வந்தால் அட்டையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "குடும்மா, நானே எடுத்துத் தர்றேன்" என்று அட்டையை வாங்கிக்கொள்வது உதவிபோலத் தெரியும். ஆனால் தாய் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. பக்கத்தில் நில்லுங்கள், பொத்தானை அவர் விரல் அழுத்தட்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

குர்ஆனைத் தடுமாறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற நபிமொழியை நாம் மதரஸாவில் பாடமாகக் கேட்டவர்கள். தடுமாற்றத்தை இழிவாக எண்ணாத மார்க்கம் நம்முடையது. அப்படியிருக்க, ஒரு தாய் ஐம்பது வயதில் பொத்தானைத் தேடும்போது வரிசையில் நிற்கும் நாம் முணுமுணுக்கலாமா?

கற்க விரும்பும் சகோதரிகள் நமது அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். சிறு குழுவாகச் சேர்ந்ததும், முன்பே பழகிய சகோதரி ஒருவரை உடன் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.